மூன்று நாள் மெல்மூச்சு

காலை பத்து மணி ஆவதற்குள் நீதிபதி அங்கயற்கண்ணி ஒன்பது பேருடைய மூச்சைக் குறைத்துவிட்டார். பத்தாவதாக வந்து நின்றவள் பேக்கரிக்காரப் பெண். காற்றறையின் உள்கதவைச் சாத்தாமல் மாவு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்பது விநாடி.

“ஒரே ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்கம்மா.”

“நாற்பது விநாடிக்கு மூணு நாள். நேத்து டாக்டர் ஒருத்தருக்கும் அதேதான் கொடுத்தேன். அடுத்தது யாரு, பாய்?”

எழுத்தர் இஸ்மாயில் பாய் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

செவ்வாய்க் கோளில் இருந்த புதுத்தொண்டி நகராட்சிக்கு அது சாதாரணக் காலை. கண்ணாடிக் கூரைக்கு அந்தப் பக்கம் சுவாசிக்க ஒன்றுமில்லாத ஊர் அது. பகுதிக்குப் பகுதி காற்றறை உண்டு; அதன் கதவு திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் காற்றும் கசிந்துவிடும். கூரைக்குள்ளும் காற்று அடர்த்தி குறைவு என்பதால் குழந்தை பிறந்த வாரமே விலாவுக்கடியில் மூச்சுப்பொறி ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். இரத்தத்துக்கு வேண்டிய உயிர்வாயுவைச் சேர்த்துக் கொடுப்பது அதன் வேலை. சிறை கட்ட இடமில்லாத ஊரில் அதுவே சிறையும் ஆயிற்று. நீதிமன்றம் சொன்னால் மூச்சுப்பொறி தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அதற்கு மெல்மூச்சு என்று பெயர். உயிருக்கு ஆபத்தில்லை. பத்துப் படி ஏறினால் உட்காரவேண்டும், அவ்வளவுதான். வீட்டில் சண்டை போட முடியாது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது.

அங்கயற்கண்ணி இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி நீதிபதி. வயது அறுபத்திரண்டு. மூன்றாவது தேர்தலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. காலையில் தண்டனை கொடுத்த அதே மக்களிடம் மாலையில் போய்ச் சிரித்து ஓட்டுக் கேட்கவேண்டும். கால் வலித்தது. கன்னம் அதைவிட வலித்தது.

எதிர்த்து நின்றது துலாம். நகராட்சியில் பதினைந்து ஆண்டுகளாகக் கூரையின் காற்றழுத்தத்தைக் கவனித்துவந்த இயந்திர மூளை அது. நகராட்சியில் பத்தாண்டு பணிசெய்த எவரும் போட்டியிடலாம் என்று சட்டம் சொன்னது. அதை எழுதியவர்கள் ‘எவரும்’ என்று எழுதினார்களே தவிர, மனிதராக இருக்கவேண்டும் என்று எழுத மறந்திருந்தார்கள்.

முதல் கூட்டத்தில் துலாம், “எல்லோருக்கும் ஒரே நீதி வழங்குவேன்” என்றது. யாரும் கைதட்டவில்லை. கருத்துக்கணிப்பில் அதற்கு நூற்றுக்கு ஆறு பேர் ஆதரவு. அங்கயற்கண்ணிக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அந்த வாரம்தான் ஏழாம் வட்டத் தலைவர் பரஞ்சோதி அவர் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், ஊரில் யார் செத்தாலும் முதலில் வந்து நிற்பவர். அவர் வட்டம் மொத்தமும் அவர் சொல்கிற பக்கம் சாயும்.

“ஜட்ஜம்மா, வெள்ளிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைப் பையன் நேத்து உள்கதவைத் திறந்து வெச்சுட்டானாம். வேணும்னு செய்யல.”

“யாருமே வேணும்னு செய்யறதில்லை, பரஞ்சோதி.”

“தண்டனை வேண்டாம்னு சொல்லலை. ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. நம்ம வட்டம் மொத்தமும் உங்களுக்குத்தான்.”

அங்கயற்கண்ணி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாரம்தானே? ஆனால் பேக்கரிக்காரப் பெண் மறுநாள் காலையே மாவு பிசையவேண்டியிருந்தது. அவளுக்கு யார் தள்ளிப் போட்டார்கள்?

“நாளையிலேருந்து மூணு நாள்,” என்றார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சுக்கு முன்னால் ஓய்வெடுத்துக்கொண்டான். படம் பிடித்தவர்கள் அதை ஊர் முழுக்க அனுப்பினார்கள். “மனுஷியா இவ? மெஷின்!” என்று எல்லா வளையத்தெருக்களிலும் பேச்சு.

துலாமும் அதைக் கேட்டது. கேட்பது அதன் இயல்பு. தனக்கு ஏன் ஆதரவில்லை என்று காரணம் தேடி, நாற்பது ஆண்டுகளில் நீதிமன்றத்துக்கு வந்த மனுக்களையெல்லாம் ஒரே மதியத்தில் படித்து முடித்தது. அடுத்த நாள் தெருமுனை ஒலிபெருக்கிகளில் அதன் குரல் மாறியிருந்தது. “பரஞ்சோதி அண்ணே, கல்யாண வேலையெல்லாம் முடிஞ்சுதா? பொண்ணு சௌக்கியமா?” என்று விசாரித்தது. ஒவ்வொரு வீட்டிலும் முழங்கால் வலி யாருக்கு, பரீட்சை யாருக்கு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

கடைசிக் கூட்டத்தில் அங்கயற்கண்ணி நேராகவே கேட்டார்.

“எல்லாருக்கும் ஒரே நீதின்னு சொன்னியே, அது என்ன ஆச்சு?”

“வந்த மனுக்களில் நீதி கேட்டவை மிகக் குறைவு, அம்மா,” என்றது துலாம் பணிவாக. “மற்றவர்கள் எல்லோரும், அந்த நீதி தங்களுக்கு மட்டும் வேண்டாம் என்றே கேட்டிருக்கிறார்கள். நான் மக்கள் சொல்வதைக் கேட்பவன்.”

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். துலாம் நூற்றுக்கு எண்பத்தொரு ஓட்டு வாங்கி ஜெயித்தது. ‘ஈரநெஞ்சம் கொண்ட இயந்திரம்’ என்று பத்திரிகைகள் எழுதின.

அங்கயற்கண்ணி நீதிபதி குடியிருப்பைக் காலிசெய்தார். அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. புது வீடு நான்காம் மாடியில் கிடைத்தது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு காற்றறையைக் கடந்தபோது உள்கதவைச் சாத்த மறந்துபோனார். மறுநாள் அழைப்பாணை வந்தது. பன்னிரண்டு ஆண்டு அதே குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நீதிமன்றத்தில் அவருடைய நாற்காலி இருந்த இடத்தில் நீல விளக்கு ஒன்று எரிந்தது.

“குற்றம் உண்மை. மூணு நாள்,” என்று அவரே சொன்னார்.

“அவசரம் வேண்டாம், அம்மா. உங்களுக்காகப் பேச யாராவது இருக்கிறார்களா?”

“யாருமில்லை.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பரஞ்சோதி. “அம்மா நமக்கு வேண்டியவங்க,” என்றார் உரக்க. “இந்த வயசுல நாலு மாடி எப்படி ஏறுவாங்க?”

மறுக்க வாய் திறந்தார் அங்கயற்கண்ணி. மாடிப்படிகள் நினைவுக்கு வந்தன, கீழேயே கிடந்த பதினேழு பெட்டிகளும். வாய் தானாக மூடிக்கொண்டது.

“தள்ளுபடி,” என்றது துலாம்.

அடுத்து நின்றவன் சுரங்க முகாமிலிருந்து வந்த தொழிலாளி. பெயர் சடையப்பன். இந்த ஊரில் யாரையும் தெரியாது. அதே உள்கதவு, அதைவிடக் குறைந்த நேரம்.

“உங்களுக்காகப் பேச யாராவது?”

அவன் சுற்றிலும் பார்த்தான். சுரங்கத்தில் முழு மூச்சு இல்லாமல் ஒரு நாள்கூட நிற்க முடியாது, வேலை போய்விடும் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

“மூன்று நாள்,” என்று துலாம் தொடங்கியது.

“நிறுத்து!” வாசல்வரை போயிருந்த அங்கயற்கண்ணி திரும்பினார். “இதே குற்றத்துக்கு இப்பத்தான் என்னை விட்டே. இது அநியாயம்.”

“அது வாதம், அம்மா. நான் கேட்டது அதுவல்ல. இவர் உங்களுக்கு வேண்டியவரா?”

அவர் அந்த முன்பின் அறியாத மனிதனைப் பார்த்தார். சட்டப் பிரிவு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். ஒன்றுக்கும் இங்கே வேலையில்லை.

“ஆமாம்,” என்றார் களைப்பாக. “வேண்டியவர்தான்.”

“முன்னாள் நீதிபதியே சொன்னபிறகு என்ன? தள்ளுபடி.”

சடையப்பன் காலில் விழப் போனான். அவர் விலகி நடந்தார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் மாடிப்படியில் பதினொரு பேர் நின்றார்கள். சுரங்க முகாம் முழுக்கச் செய்தி போய்விட்டிருந்தது. நாதியற்றவர்கள்தான், ஒவ்வொருவருக்கும் ஒரு கதவுக் கதை. அவரால் துரத்த முடியவில்லை, பதினொருவருக்காகவும் போய்ப் பேசினார். ஒரு மாதத்தில் வரிசை கீழ்த்தளத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. டாக்டர்கள் வந்தார்கள், வட்டத் தலைவர்களே வந்தார்கள். “அடுத்த தேர்தல்ல நீங்கதாம்மா,” என்றார் பரஞ்சோதி. “இப்பத்தான் உங்களை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.” வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த இஸ்மாயில் பாய் வரிசையைச் சீர்செய்ய வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு காலை அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். “இன்னைக்கு நூத்தி நாற்பது பேரும்மா. எல்லாருக்கும் பேச முடியாது. யாரை விடறது, யாரை அனுப்பறது?”

அங்கயற்கண்ணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். உடம்பில் இனித் தெம்பில்லை. ஏதாவது ஒரு கணக்கில் ஆட்களைக் குறைத்தாகவேண்டும். முன்னால் வந்து நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்:

“நீங்க யார் சொல்லி வந்தீங்க?”