ஜேக்கப்பின் சனிக்கிழமைக் குளியல்

சனிக்கிழமை வந்தாலே ராயபுரத்தில் அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம். அன்றுதான் ஐந்து வயது ஜேக்கப்புக்கு எண்ணெய்க் குளியல்.

எண்ணெய் தேய்க்கும்வரை சிரித்துக்கொண்டிருப்பான். அம்மா ஆலிஸ் ஆவி பறக்கும் வெந்நீரை அவன் தலையில் ஊற்றுவாள். சில சொம்பு விழுந்ததும் கண்கள் ஒரு பக்கமாக நிலைகுத்தும். கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். பிறகு ஒன்றும் தெரியாதவன்போல் தூங்கிவிடுவான்.

இது குளிர் ஜன்னி என்று முடிவு கட்டினாள் சிலுவையம்மாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள். அத்தை முடிவு கட்டிவிட்டால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. குளிருக்குச் சூடுதானே மருந்து? அடுத்த சனிக்கிழமை தண்ணீரை இன்னும் கொதிக்க வைத்தார்கள். இழுப்பும் இன்னும் பலமாக வந்தது.

அத்தை உடனே கட்சி மாறினாள். இது ஜன்னி இல்லையாம், காத்து கருப்பாம். இழுப்பு வரும் நேரத்திலேயே காய்ச்சிய கம்பியால் நெற்றியில் சூடு வைத்தால் ஓடிவிடுமாம். அதற்கு வேலப்பன் என்று ஒருவர் இருக்கிறாராம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் களைத்து வந்த அப்பா ஹென்றி, வேறு வழி தெரியாமல் தலையாட்டிவிட்டார். அம்மா அழுதாள்.

"அக்கா, சூடு வச்சா ரொம்ப வலிக்குமா?" என்று ஞானசெல்வியிடம் கேட்டான் ஜேக்கப்.

பதினோரு வயது ஞானசெல்வி அவன் நெற்றியைத் தடவினாள். தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் கடலில் தலை நனைய ஆட்டம் போடுகிறான், ஒன்றும் வருவதில்லை. உச்சி வெயிலில் ஓடுகிறான், அப்போதும் வருவதில்லை. விறகு கிடைக்காத வாரம் குழாய்த் தண்ணீரில் குளித்தான், அன்றும் வரவில்லை. தலையில் வெந்நீர் விழுந்தால் மட்டும்தான் வருகிறது. இதை யோசிக்க யோசிக்க அவளுக்குப் படபடப்பாக இருந்தது. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னாள்.

"ஊர்ல எல்லாப் புள்ளைங்களும் வெந்நீர்லதான் குளிக்குது. உனுக்கு வந்துச்சா, எனுக்கு வந்துச்சா? போயி படிக்கிற வேலயப் பாரு," என்றாள் அத்தை.

ஞானசெல்வி பின்புறம் போய், குளியல் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை வந்தது. வேலப்பனும் வந்தார். வீட்டின் பின்புறம் கரி அடுப்பு மூட்டினார். கம்பி மெல்லச் சிவந்தது. அம்மா அழுதுகொண்டிருந்ததால், தான் ஊற்றுவதாகச் சொல்லி ஞானசெல்வி சொம்பை வாங்கிக்கொண்டாள். யாரும் பார்க்காதபோது வாளியில் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிட்டிருந்தாள். ஆவி வரவில்லையே என்று யாராவது கேட்டுவிட்டால்? அதைவிட, அவள் நினைத்தது தப்பாக இருந்தால்?

முதல் சொம்பை ஊற்றினாள். தம்பியின் கண்களையே பார்த்தாள். அடுத்த சொம்பு. அதற்கடுத்தது. வேலப்பன் கம்பியைக் கையில் எடுத்தார். ஜேக்கப் பயந்துபோய் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

வாளி காலியாகும் நிலைக்கு வந்தது. இழுப்பு வரவில்லை. கம்பி ஆறிக் கறுத்துப்போனது. வேலப்பன் முணுமுணுத்தபடி கிளம்பிவிட்டார்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "கம்பியப் பாத்ததுமே ஓடிப்போச்சு பாத்தியா? இனிமே பயமில்ல ஆலிசு. அடுத்த வாரம் நல்லா கொதிக்கக் கொதிக்க ஊத்து."

ஞானசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்று தப்பிக்கலாம். அடுத்த வாரம் தம்பி என்ன ஆவான்?

"நைனா, எதுவும் ஓடல. நான் ஊத்துனது வெந்நீரே இல்ல. பச்சத்தண்ணி கலந்துட்டேன்," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அத்தை கையை ஓங்கினாள். அப்பா குறுக்கே வந்து, வாளியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தார். அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அவர் உடனே கையை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம் வா. பாத்ததெல்லாம் நீயே டாக்டராண்ட சொல்லு," என்றார்.

டிராம் பிடித்துப் போனார்கள். அத்தையும் வம்படியாக ஏறிக்கொண்டாள். டாக்டர் ஞானசெல்வி சொன்னதை முழுக்கக் கேட்டார். அம்மாவையும் நிறையக் கேள்வி கேட்டார். ஜேக்கப்பின் கண்களில் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"இது பேயும் இல்ல, ஜன்னியும் இல்ல. வலிப்பு. ரொம்பச் சில குழந்தைகளுக்கு, தலையில சூடான தண்ணி விழுந்தா இப்படி வரும். மத்தவங்களுக்கு வராது. நல்லா கவனிச்சிருக்கே பாப்பா."

தினமும் மாத்திரை தரச் சொன்னார். தலைக்கு வெந்நீர் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்றார். மறுபடி இழுப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், அழுத்திப் பிடிக்கவோ வாயில் எதையும் திணிக்கவோ கூடாது என்றும் சொன்னார். வீடு வரும்வரை மாத்திரைப் பொட்டலத்தை அத்தையே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை, அத்தையே வாளிக்குள் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். சரிப்படவில்லை. இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டாள். தலையில் மெல்ல ஊற்றினாள். அப்பா, அம்மா, ஞானசெல்வி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

ஜேக்கப் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"இன்னா, எல்லாரும் என்னியே பாத்துகினு கீறீங்க? எனுக்கு வெக்கமா கீது. எல்லாரும் வெளிய போங்க."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனாள். முதுகு தேய்க்க அக்கா மட்டும் இருக்கலாம் என்றான் ஜேக்கப்.