நாற்பத்தேழாம் தூணின் ஓய்வு

பகல் பதினொரு மணிக்கு நாற்பத்தேழாம் தூண் விடுப்பு எடுத்துக்கொண்டது. களைப்பை அளக்கும் மானியில் அதன் அயர்வெண் எண்பதைத் தொட்டதும் ஏறுமேடையின் கதவு தானாகவே பூட்டிக்கொண்டது. வரிசையில் நின்ற அறுநூறு பேரும் முணுமுணுத்தபடி நிழல் தேடிப் போனார்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி நின்றது அந்தப் பாய்தொடர். ஒரு காலத்தில் ரோலர் கோஸ்டர் என்றார்கள். உயரம் இருநூற்றுப் பத்து மீட்டர். பெட்டிகள் உச்சியிலிருந்து பாயும்போதெல்லாம் தூண்கள் மயிரிழை அளவு வளைந்து நிமிரும். வளைந்து வளைந்து எஃகுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். பழைய எஃகாக இருந்தால் அந்தக் கீறல் வளர்ந்து என்றாவது தூணையே முறித்துவிடும். அதற்குப் பயந்துதான் முன்பெல்லாம் தூண்களை அவ்வளவு பருமனாக நிறுத்தினார்கள். கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும் ஆறெஃகு வந்ததும் அந்தப் பயம் போயிற்று. சுமையை இறக்கி நான்கு மணி நேரம் வெயிலில் விட்டால் போதும், சூட்டில் கீறல்கள் தாமாகவே கூடிவிடும். தூண்களும் பனைமர அளவுக்கு இளைத்துவிட்டன. ஒரு தூண் களைத்தால்கூடத் தொடர் முழுவதையும் நிறுத்த வேண்டும் என்பது சட்டம்.

தூண்களைப் பிணைக்கும் திருகாணிகள் மட்டும் ஆறெஃகு அல்ல. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து முறுக்க வேண்டும். தொடர் ஓடாதபோதுதான் அது முடியும். எனவே தூண்கள் ஓய்வெடுக்கும் உச்சிவெயிலில் கட்டமைப்புப் பொறியாளர் ஜெசிந்தாவும் கயிற்றில் தொங்கி வேலை செய்யும் முப்புடாதியும் மேலே ஏறினார்கள். ஒன்பது வருடமாக ஏறுகிறார்கள்.

அன்று நூற்று நாற்பதாவது மீட்டரில், முப்புடாதியின் ஸ்பானர் சத்தம் நின்றுபோயிருப்பதை ஜெசிந்தா கவனித்தாள். எட்டிப் பார்த்தாள். அவர் கயிற்றில் தலை தொங்கிக் கிடந்தார். உயிர் இருக்கிறதா என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணே! முப்புடாதியண்ணே!"

அவர் மெல்லக் கண் திறந்தார். "கண்ணசந்துட்டேன் போல மேடம். இந்த ஆணியெல்லாம் முறுக்கிட்டேனா?"

முறுக்கவில்லை. மூன்று ஆணிகள் விரலால் தொட்டாலே சுழன்றன. தொடர் ஓட ஆரம்பித்திருந்தால், இருபத்து நான்கு பேர் அவற்றின்மேல்தான் பாய்ந்து போயிருப்பார்கள். ஜெசிந்தாவே முறுக்கினாள். ஒவ்வோர் ஆணியையும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

இறங்கியதும் நேராக மேலாளர் சிவனுபாண்டியனின் அறைக்குப் போனாள்.

"இரும்பு களைச்சா சட்டம் இருக்கு. மனுஷன் களைச்சா ஒண்ணுமில்லையா சார்? அவரு மேலேயே தூங்கிட்டாரு."

சிவனுபாண்டியன் கெட்டவர் அல்ல. அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன. "நானும் பாக்கத்தான் செய்யுதேன். ஆனா முடியலன்னு எல்லாருந்தான் சொல்லுதாங்க. நெசமாவே யாருக்கு முடியலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தூணுக்குத் தெரியுதுல்லா? அதுல மாட்டிருக்க மானிய எங்க கையிலயும் கட்டுங்க. எண்பதைத் தொட்டா வீட்டுக்கு அனுப்பிருங்க."

பத்தே நாளில் அயர்வுப் பட்டைகள் வந்தன. தோல் வழியாக ரத்தத்தையும் தசையையும் படித்து எண் காட்டும் பட்டைகள். நிர்வாகத்தின் அன்பளிப்பு என்று அறிவித்துக் கட்டிவிட்டார்கள். முதல் நாள் முப்புடாதிக்குத் தொண்ணூற்றொன்று. சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு. இரண்டு பகலும் இரண்டு இரவும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டு அவர் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தபோது, ஜெசிந்தாவுக்கும் பாதிப் பாரம் இறங்கியதுபோல இருந்தது.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. சனிக்கிழமை மாலை யாருடைய எண்ணும் அறுபதைத் தாண்டுவதில்லை. எனவே ஞாயிறு விடுமுறை இனி இல்லை. தேவைப்படுபவருக்குத் தேவைப்படும்போது ஓய்வு.

மூன்றாவது சனிக்கிழமை ஜெசிந்தா மேலாளரிடம் போய் நின்றாள். "எனக்கு முடியல சார். நாளைக்கு ஒருநாள் விட்டுருங்க."

அவர் அவள் மணிக்கட்டை எட்டிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு.

"இன்னும் இருபத்தெட்டு இருக்கே மேடம்." குரலில் கிண்டல் இல்லை. நல்ல செய்தி சொல்பவர் போலத்தான் சொன்னார்.

"நெசமாவே முடியல சார்."

"நீங்கதான அளந்து பாக்கச் சொன்னீக?"

தூண்களைப் பற்றி வாழ்நாள் முழுவதும் அவள் பேசியதும் இதைத்தான். இதில் இன்னும் வலு மிச்சமிருக்கிறது, வீணாக்காதீர்கள், இன்னும் இளைக்கலாம்.

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் படியிறங்கினாள். பட்டையைத் திரும்பப் பார்த்தாள். அதே ஐம்பத்திரண்டு. ஒருவேளை நான் களைக்கவில்லையோ என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் முப்புடாதி இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டிருந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. பட்டையில் எழுபத்தொன்று.

"இதுக்கு முன்னால முடியலன்னு சொன்னா திட்டிக்கிட்டாவது அனுப்புவாங்க மேடம். இப்ப சொன்னா, பொய்யின்னு இது காட்டுது. எவன் கேட்டான் இதை?"

"நாந்தாண்ணே கேட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லதுக்குத்தான் கேட்டிருப்பீக," என்று சொல்லிவிட்டு, சுடுகிற எஃகில் கை வைத்து ஏற ஆரம்பித்தார்.