மூன்று முறை அறுந்த பெல்ட்

"மூணு வாரத்துல மூணு தடவை சார்! ஒரே மெஷின். யாரோ பிளேடால பெல்ட்டை அறுக்கறாங்க," என்று படபடத்தார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் மேலாளர். "எங்ககிட்ட ரொம்ப வேகமா தைக்கிற பொண்ணோட மெஷின் அது. அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்'னு பட்டப்பேரு. பொறாமை, வேறென்ன?"

துப்பறிவாளர் தம் அக்கா மகளோடு போனார். அவளுக்கு இந்த வேலையென்றால் கொள்ளை ஆசை.

தையல் கூடத்துச் சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'எக்ஸ்பிரஸ் – மணிக்கு முப்பது காலர். எல்லோரும் இதை எட்ட வேண்டும்.'

"போன மாசம் நான்தான் மாட்டினேன்," என்றார் மேலாளர் பெருமையாக.

அறுந்த பெல்ட் மெஷினடியில் தொங்கியது. பாதி தைத்த சட்டை பக்கத்து ஸ்டூலில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"சாப்பாட்டு மணி அடிச்சதும் சட்டையை ஊசியிலேயே விட்டுட்டுப் போனேன்," என்றாள் எக்ஸ்பிரஸ். "திரும்பி வந்தா இப்படி இருக்கு."

"மாமா, பக்கத்து மெஷின் அக்காதான்! எப்படி முறைக்கறாங்க பாருங்க," என்று கிசுகிசுத்தாள் அக்கா மகள்.

"முறைக்கட்டும். ஆனா பகையாளி சட்டையைக் கிழிச்சிருப்பா. இங்க நூலைக் கத்தரிச்சு, எண்ணெய் படாம எடுத்து மடிச்சு வச்சிருக்கு. அந்தச் சட்டை மேல யாருக்கு அவ்வளவு அக்கறை?"

எக்ஸ்பிரஸின் முகம் வெளுத்தது.

மேலாளரின் அறையில் அவள் எதையும் மறைக்கவில்லை. "பலகை வந்த நாள்லேருந்து யாரும் என்கூடப் பேசறதில்ல சார். உன்னாலதான் எங்க இடுப்பு ஒடியுதுங்கறாங்க. மெதுவா தைச்சுப் பார்த்தேன், கை கேக்கல. மெஷின் நின்னுபோனா என்னையும் சேர்த்துக்குவாங்கன்னு நானேதான் அறுத்தேன்..."

"இது கெட்ட குணம் இல்ல," என்றார் துப்பறிவாளர் மேலாளரிடம். "உங்க பேச்சைக் கேட்டா கூட வேலை பார்க்கறவங்களுக்கு ஆகாது. அவங்க பேச்சைக் கேட்டா உங்களுக்கு ஆகாது. நடுவுல மாட்டினவ என்ன செய்வா? பலகையைக் கழட்டுங்க, பெல்ட் அறுபடறது நின்னுடும்."

"யாருன்னுதான் கேட்டேன் சார். ஏன்னு கேக்கல," என்றபடி மேலாளர் வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

அவள் பையை எடுக்க வந்தபோது தேநீர் இடைவேளை. செய்தி முந்திக்கொண்டிருந்தது. முறைத்த பெண்தான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "வாடி, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ."

எக்ஸ்பிரஸ் அவர்கள் நடுவே உட்கார்ந்தாள். டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மெல்ல, மிக மெல்லக் குடித்தாள்.

"முதல்ல இந்தப் பொண்ணுங்ககிட்ட பேசியிருக்கணும்," என்றார் துப்பறிவாளர் அக்கா மகளிடம். "அவசரப்பட்டு அந்த மேலாளர்கிட்ட சொல்லிட்டேன்."