றஞ்சித்தின் மண்ணெண்ணெய்க் கான்

உடுவிலில் சட்டத்தரணி வினிபிரட்டின் வீட்டுப் படலையை லவீனா தட்டியபோது முதலில் எழும்பி ஓடியவர் கணவர் நோர்மன்தான். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். மனைவிக்கு வழக்கு வந்தால் மனிதருக்குச் சாப்பாடும் வேண்டாம்.

"மிஸ், என்ரை மனுசன் றஞ்சித்தைப் பொலிஸ் பிடிச்சுப்போட்டுது. பெக்கோவைக் கொளுத்தினதாம்."

குருநகரை அடுத்த கரையில் ஒரு கம்பனி எண்ணெய்க் குழாய் பதிக்க, மண் தோண்டும் பெக்கோவோடு வந்திருந்தது. வள்ளம் இழுக்கிற இடம் பறிபோகிறதென்று சனம் மாதக்கணக்காக றோட்டை மறித்துக் குந்தியிருந்தது. ஒரு கல்கூட எறியாததால் நீதிமன்றமும் அவர்களை எழுப்பவில்லை. இன்று சனமெல்லாம் கோயிலுக்குப் போன விடியப்பூசை நேரம், றோட்டோரக் கொட்டிலில் றஞ்சித் மட்டும் காவலிருக்க, பெக்கோ எரிந்தது. பக்கத்தில் அவன் பெயர் எழுதிய கான், பாதி மண்ணெண்ணெயோடு.

"நாளைக்குக் கோட்டிலை இதைக் காட்டி எல்லாரையும் எழுப்பப்போகினம். கொளுத்தினவை எண்டு பேர் வந்தால் பிறகு எங்களை ஆர் மிஸ் நம்புவினம்?" லவீனா அழுதாள்.

"அந்தக் கான் உங்களிட்டைத்தானே இருந்தது?" என்று வினிபிரட் கேட்டார்.

"இல்லை மிஸ், போன கிழமை துலைஞ்சுபோச்சு. வெறுங்கான், வள்ளத்துக்குக் கீழை கிடந்தது."

"வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வாங்கினால் என்ன செய்வீங்கள்?"

"வாங்கின கையோடை கானுக்கை எஞ்சின் ஒயில் கலந்துபோடுவம். கலக்காட்டி எஞ்சின் இறுகிப்போம்."

லவீனாவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் போனபோது பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரியோடு குழாய் வேலையின் மேற்பார்வையாளர் நிருஷனும், அந்தக் கரையிலேயே பிறந்த காவலாளி டினேஸும் இருந்தார்கள். பெக்கோ நின்ற வளவின் பூட்டுக்குத் திறப்பு இந்த இருவரிடம் மட்டுமே இருந்தது. பூட்டு உடைபடவில்லை, டினேஸ் பூட்ட மறந்திருப்பான் என்பது பொலிஸின் எண்ணம்.

"டினேஸ்தான். முழியைப் பாரும்," என்று நோர்மன் மனைவியின் காதுக்குள் சொன்னார்.

"முழியைப் பாத்துப் பிடிக்கிறதெண்டால் உங்களை எப்பவோ பிடிச்சிருக்கவேணும்."

வினிபிரட் அனுமதி கேட்டு, கானிலிருந்ததைக் கண்ணாடிப் போத்தலில் வார்த்தார். எண்ணெயின் அடியில் நுரையோடு கொஞ்சம் தண்ணீர் தங்கியது. எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார். பிசுக்கே இல்லாமல் காய்ந்துபோனது.

"இதிலை ஒயில் இல்லை. கானைச் சவுக்காரம் போட்டுக் கழுவியிருக்கு. எண்ணெய்க் கானுக்கை கடற்காரர் தண்ணி விடமாட்டினம். ஒரு சொட்டுப் போனாலும் எஞ்சின் நடுக்கடலிலை நிண்டுபோம்."

"கொளுத்துறதுக்கெண்டே றஞ்சித் கழுவியிருக்கலாமே?" என்றார் நோர்மன்.

"அவ்வளவு கவனமாய்க் கழுவினவன் தன்ரை பேரை ஏன் அழிக்காமல் விட்டவன்? மீன் நாத்தம் தாங்கேலாத ஆள் கழுவினது. டினேஸ் கடற்காரன்ரை பிள்ளை. றஞ்சித்தை மாட்ட நினைச்சிருந்தால் ஒயிலும் கலந்திருப்பான். நிருஷன், உங்கடை ஊர்?"

"தெல்லிப்பழை."

"தோட்டம் செய்யிற குடும்பமோ?"

"ஓம்."

"தண்ணி இறைக்கிற மிசினுக்கு வெறும் மண்ணெண்ணெய்தானே விடுறனீங்கள்?"

நிருஷன் நிலத்தைப் பார்த்தார். "குழாய் போடேலாட்டி என்னை வேலையாலை நிப்பாட்டுவம் எண்டு கம்பனிக்காரர் சொன்னவை. சனத்தை எழுப்ப வேறை வழி தெரியேல்லை."

பொறுப்பதிகாரி றஞ்சித்தை அடைத்திருந்த கூட்டைத் திறக்கச் சொன்னார். "நீர் போகலாம்."

றஞ்சித் நகரவில்லை. "ஐயா, றோட்டை மறிச்சதுக்கு வழக்கு இருக்கோ?"

"அதை ஆர் கேட்டது? வீட்டை போம்."

"கொளுத்தினது நான் இல்லை. மறிச்சது நான்தான். நாளைக்கும் மறிப்பன். அதை எழுதுங்கோ."

நோர்மன் பதறிப்போய் மனைவியைப் பார்த்தார். "அது உண்மைதானே," என்றார் வினிபிரட்.

லவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்ரை பேரையும் எழுதுங்கோ, ஐயா."