குளித்துக் கிளம்பும் மூன்று பேர்

"உங்க வண்டிக்கு என்னைப் பிடிக்கலை மாமா" என்று மருமகள் சொன்னபோது மாமனார் சிரித்தார். "இரும்புக்கு என்னம்மா தெரியும்?" என்றார். அது மூன்று வாரத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு அவள் ரயிலைத் தவறவிட்டு, இரண்டு முறை வேலைக்குத் தாமதமாகிவிட்டாள். இன்னொரு முறை தாமதமானால் வேலையே போய்விடும் என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் மாமனார் இதையெல்லாம் பட்டறை நடத்தும் மெக்கானிக்கம்மாவிடம் ஒப்பித்தார். பக்கத்தில் மருமகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த கார் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகனிடம்கூட அவர் தராத சாவி அது.

இருபத்திரண்டு வருஷத்துப் பெட்ரோல் கார். தனியாக மார்க்கெட்டுக்குப் போனால் வழுக்கிக்கொண்டு ஓடும். திங்களும் வியாழனும் மருமகளை ஸ்டேஷனில் விடக் கிளம்பினால் மட்டும் விக்கும், குலுங்கும், சிக்னலில் நின்றுவிடும். கால் மணியில் தானாகச் சரியாகிவிடும். இரண்டு பட்டறைகளில் காட்டியும் அங்கே பரமசாதுவாக ஓடியதாம்.

மெக்கானிக்கம்மாவின் கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தானும் பாதி மெக்கானிக் என்று நம்புபவர். "பெட்ரோல்ல தண்ணி" என்று தீர்ப்புச் சொன்னார்.

"மார்க்கெட்டுக்குப் போறப்ப அந்தத் தண்ணி எங்கே இறங்கிக்குதுங்க?" என்று மனைவி கேட்டதும் ஸ்பேனர் துடைக்கப் போய்விட்டார்.

மெக்கானிக்கம்மா வண்டியைத் தொடவில்லை. வியாழக்கிழமை காலை எழுந்ததிலிருந்து நடந்ததைக் கேட்டாள்.

"பெரிசா என்ன? அஞ்சரைக்கெல்லாம் மூணு பேரும் குளிச்சு ரெடி. ஆறுக்குக் கிளம்பிடுவோம்" என்றார் மாமனார்.

"உங்க பையனும் வருவாரா?"

"அவனா? எட்டு மணிக்கு முன்னால அவனை எழுப்பணும்னா இடிதான் விழணும்."

அவள் எழுந்துபோய் பானெட்டைத் திறந்தாள். அத்தனை பழைய எஞ்சினில் ஒரு பொட்டுப் பிசுக்கு இல்லை. ஸ்பார்க் பிளக்குகளின் ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மூன்றாவதில் மயிரிழை விரிசல். பிளக் உட்கார்ந்திருந்த குழிக்குள் வளையமாகத் துரு.

"போறது ரெண்டு பேர், குளிக்கிறது மூணு பேர்" என்று காரைத் தட்டினாள். "பானெட்டைத் திறந்து ஹோஸ் பிடிப்பீங்களா சார்?"

"மருமக ஏறுற வண்டி. அழுக்கா இருக்கலாமா?" என்றவர், சற்று யோசித்து, வருஷக்கணக்காக அப்படித்தானே கழுவுகிறேன் என்றார்.

அப்போது மூடி முழுசாக இருந்தது என்றாள் அவள். இப்போது குழியில் தண்ணீர் தேங்க, தீப்பொறி விரிசல் வழியே ஈரத்தில் இறங்கி வீணாகிறது. நாலு சிலிண்டரில் ஒன்று உழைக்காததால் விக்கல். சூட்டில் ஈரம் காய்ந்ததும் அந்த விக்கலும் நின்றுவிடுகிறது. மார்க்கெட்டுக்குப் போகிற நாளில் குளியலும் இல்லை, விக்கலும் இல்லை.

குழியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஸ்டார்ட் செய்து காட்டினாள். கார் குலுங்கியது.

"தண்ணின்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் கணவர்.

"சொன்னீங்க. இடம்தான் தப்பு."

ஈரத்தைத் துடைத்துப் புது மூடி போட்டதும் எஞ்சின் சீராக ஓடியது. மாமனாரால் மருமகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "உன்னை லேட்டாக்கினது நான்தாம்மா."

மருமகள் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஓட்டுநர் உரிமம். வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"வண்டிக்கு என் மேல கோபம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கேக்கறேன். திங்கக்கிழமை நான் ஓட்டட்டுமா மாமா?"