வாத்தியாருக்குப் பதவி உயர்வு

எவிலாசியோ வாத்தியாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அன்றிலிருந்து அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

பதினெட்டு வருடங்களாக ஊர் கால்பந்துக் கழகத்தின் சிறுவர் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். அவரிடம் கற்றவர்கள் சாவோ பாவ்லோ மாநகரத்து அணிகளில்கூட விளையாடுகிறார்கள். அதனால்தான் கழகத் தலைவி டோனா லிந்தௌரா, "இனிமே பெரியவங்க அணியை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டார். 'மாட்டேன்' என்று சொல்ல வாத்தியாருக்கு வாய் வரவில்லை.

சிறுவர் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்தார். அவர் பலகை நிறைய அம்புக்குறி போட்டார். ஒரு வாரமாக யாருடைய காலும் பந்தில் படவில்லை. அணித் தலைவி ஜுசாராவுக்குப் பத்து வயது. அம்புக்குறிகள் அவள் கனவிலும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களின் ஆட்டம். ஜுசாரா பார்க்கப் போனாள். வாத்தியார் கொளுத்தும் வெயிலில் கோட்டும் டையும் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். இடைவேளைக்குள் எதிரணி இரண்டு கோல் போட்டுவிட்டது.

ஜுசாராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடிப்போய் வீரர்களின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரே கூச்சல்.

"உன்னாலதான்டா ரெண்டு கோலும்!" என்று கத்தினார் கோல் காவலர் ஜெனிவால். ஆள் குளிர்சாதனப் பெட்டி அளவு இருப்பார்.

"நீ பந்தைப் பிடிக்கிறதுக்கு நிக்கிறியா, வேடிக்கை பார்க்க நிக்கிறியா?" என்றார் பின்கள வீரர் தாசியானோ.

வாத்தியார் ஒரு தாளை எடுத்து வாசித்தார். "நமது நடுக்கள ஒருங்கிணைப்பின் கட்டமைப்பு..."

"என்ன வாத்தியாரே, செய்தி வாசிக்கிறீங்களா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

ஜுசாரா அவர் கோட்டை இழுத்தாள். "வாத்தியாரே, நாங்க சண்டை போட்டா என்ன செய்வீங்க?"

"ஜோடி ஜோடியா கையைப் பிடிச்சு நிக்க வைப்பேன்."

"இவங்களையும் நிக்க வையுங்க."

"அய்யோ, இவங்களுக்கு மீசை இருக்கே!"

"மீசையா சண்டை போடுது?"

வாத்தியார் டையைக் கழற்றி எறிந்தார். "ஜெனிவால்! தாசியானோ! கையைப் பிடிங்க!"

மீசைக்காரர்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்ப ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் ஒரு நல்லது சொல்லணும்."

ஜெனிவால் வெகுநேரம் யோசித்தார். "இவன் நல்லா ஓடுவான். தப்பான பக்கம் ஓடினாலும் வேகமாத்தான் ஓடுவான்."

தாசியானோவே சிரித்துவிட்டார்.

இடைவேளைக்குப் பிறகு அவர்கள் ஒருவர்மீது ஒருவர் எரிந்து விழவில்லை. பந்தைத்தான் விரட்டினார்கள். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது.

டோனா லிந்தௌரா துள்ளிக் குதித்து வந்தார். "வாத்தியாரே, இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த அணி உங்களுக்குத்தான்!"

வாத்தியாரின் முகம் வாடிப்போனது. ஜுசாரா அதைக் கவனித்தாள்.

"டோனா, அவருக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டீங்களா?"

"பிடிக்காம இருக்குமா? பதவி உயர்வாச்சே!"

ஜுசாரா வாத்தியார் பக்கம் திரும்பினாள். "பந்து வேணும்னா வாயைத் திறந்து கேளுங்கன்னு எங்களுக்குச் சொல்வீங்களே. நீங்களும் கேளுங்க."

வாத்தியார் வாயைத் திறந்தார். "எனக்கு... சின்னப் பசங்கதான் வேணும்."

"அட, இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் டோனா லிந்தௌரா. "அந்தப் பலகைக்காரர் பெரியவங்க அணி வேணும்னு மூணு வருஷமா என் உயிரை எடுக்கிறார்!"

செவ்வாய்க்கிழமை மாலை. எவிலாசியோ வாத்தியார் ஊதல் ஊத, பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் திடீரென்று நிழல் விழுந்தது. அங்கே ஜெனிவால் நின்றுகொண்டிருந்தார்.

"இது பதினோரு வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு, ஜெனிவால்."

"எனக்கு முப்பதுதானே வாத்தியாரே. மூணால வகுத்தா பத்துதான் வருது."

வாத்தியார் அணித் தலைவியைப் பார்த்தார். ஜுசாரா கணக்கைச் சரிபார்த்துத் தலையாட்டினாள்.

"சரி, சேர்த்துக்கலாம். ஆனா கடைசியில போய் நில்லுங்க. நீங்க முன்னாடி நின்னா எங்களுக்குப் பந்தே தெரியாது!"