லேயா பூட்டிய கதவு

மாடிப்படியில் ஏறும்போதே கருவாடு பொரியும் மணம் வந்தது.

பேர்சி இரண்டாம் மாடியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தான். கட்டாக் கருவாடு. மன்னாரில் பிறந்தவனுடைய மூக்கு இதில் பிழைவிடாது. சப்பாத்தில் ஒட்டியிருந்த பனி கரைந்து படியில் சொட்டிக்கொண்டிருந்தது, சுவருக்குள் ஹீட்டர் குழாய்கள் முனகின, கீழே யாரோ தபால் பெட்டியைச் சாத்தினார்கள், எல்லாம் தினமும் இருப்பதுபோலவே இருந்தன, அந்த மணத்தைத் தவிர. சுவிஸ் நகரமான லாங்கன்தாலின் அந்தக் கட்டடத்தில் தமிழ் வீடு ஒன்றே ஒன்றுதான். அது நான்காம் மாடியில் இருந்த அவனுடைய வீடு. அந்த வீட்டுக்குள் கருவாடு வந்து ஒரு வருடமாகிறது.

கதவைத் திறந்தான். உள்ளே ஒரு மணமும் இல்லை. ஏழு வயது லேயா மேசையில் இருந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மத்தியானம் கழுத்தில் தொங்கும் சாவியால் தானே கதவைத் திறந்து, அவன் காலையில் மூடிவைத்துவிட்டுப் போன பாணைச் சாப்பிட்டு, அவன் தொழிற்சாலையிலிருந்து வரும்வரை தனியே இருக்கப் பழகிய பிள்ளை. இன்று பாண் தட்டில் அப்படியே காய்ந்து கிடந்தது.

“ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?”

“பசிக்கேல்லை அப்பா. நான் சோறு சாப்பிட்டிட்டன்.”

அவளுடைய கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான். விரல் நுனிகளில் எண்ணெய் மினுங்கியது. நகத்தின் இடுக்கில் உப்பும் மிளகாயும் கருவாடும் சேர்ந்த அந்த மணம் இருந்தது.

“ஆர் தந்தது?”

லேயா பென்சிலைப் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் பார்த்தாள். பிறகு பழையபடி எழுதத் தொடங்கினாள்.

குசினியில் பகலிலும் விளக்குப் போடவேண்டும். பல்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தகட்டுத் திரை ஒன்று இருந்தது. ஸ்டோரன் என்று சொல்வார்கள். உள்ளே தொங்கும் நாடாவை இழுத்து அதை ஏற்றலாம், இறக்கலாம். ஒரு வருடமாக அவன் அதை ஏற்றவில்லை. இப்போதும் அது தரைவரை இறங்கித்தான் இருந்தது. நாடாவைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது.

சுவிசில் தமிழன் வாடகைக்கு எடுத்த வீட்டில் பல்கனிதான் மீன் குசினி. மற்றவர்கள் அங்கே பூச்சட்டி வைப்பார்கள்; நாங்கள் கரண்ட் அடுப்பும் தாச்சிச் சட்டியும் வைப்போம். வீட்டுக்குள் பொரித்தால் மணம் படிக்கட்டில் இறங்கும், படிக்கட்டில் இறங்கினால் கீழ்வீட்டுக் கிழவி மேலே ஏறி வருவாள். பேர்சியின் கீழ்வீட்டுக்காரி ஃப்ராவ் ஆக்கர்மான் அப்படிப் பலமுறை ஏறி வந்திருக்கிறாள். அதனால் அவனுடைய மனைவி யூலியானா, மழையோ பனியோ, பல்கனியில் நின்றுதான் பொரிப்பாள். மணம் உள்ளே வராமல் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி வைப்பார்கள். கதவின் கைப்பிடி உள்பக்கம் மட்டும்தான் இருந்தது.

போன மாசி மாதம், பனி கொட்டிய ஒரு பின்னேரம், விளையாடிக்கொண்டிருந்த லேயா அந்தக் கைப்பிடியைத் திருப்பிவிட்டாள். பேர்சி வேலைக் களைப்பில் அறையில் நித்திரை. பருத்திச் சட்டையோடும் றப்பர் செருப்போடும் வெளியே நின்ற யூலியானா குளிரில் விறைத்துச் செத்துப்போனாள். பொலிசுக்குச் சொன்னது இதுதான். பூசை வைத்த பாதர் சொன்னதும், ஊரிலும் சுவிசிலும் சொந்தக்காரர் சொன்னதும் இதுதான். “பாவம், சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்திட்டுது” என்று எல்லோரும் லேயாவின் தலையைத் தடவினார்கள். தடவத் தடவ அந்தப் பிள்ளையின் பேச்சுக் குறைந்துகொண்டே போனது.

லேயாவின் கையில் கருவாடு மணத்த அந்த இரவு பேர்சி அவளைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்தான். அவனுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அவளை இழந்தால் தனக்கு ஒன்றும் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் சனிக்கிழமை. குப்பைப் பையோடு கீழே இறங்கியபோது ஃப்ராவ் ஆக்கர்மான் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சாவுக்குப் பிறகு அவள் முறைப்பாடு சொல்வதை விட்டிருந்தாள். இன்று தயங்கித் தயங்கி ஜெர்மனில் பேசினாள்.

“ஹெர் பேர்சி, நான் சண்டைக்கு வரவில்லை. மணம் வந்தால் வரட்டும். இந்தக் குளிரில் அந்தப் பெண்ணைப் பல்கனியில் நிறுத்தாதீர்கள். உள்ளேயே சமைக்கச் சொல்லுங்கள்.”

“எந்தப் பெண்?”

“இந்தக் கிழமை முழுதும் நிற்கிறாளே. மேலே அவளுடைய செருப்புச் சத்தம் கேட்கிறது.” கிழவி அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “உங்களுக்கும் ஒரு துணை வேண்டும்தானே. நான் பிழையாக நினைக்கமாட்டேன்.”

அவன் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு மேலே ஏறினான். கால்கள் தம் பாட்டில் ஏறின. லேயா அறையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். குசினிக்குப் போய் நாடாவைப் பிடித்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுடைய நெஞ்சு குறுகுறுக்கவில்லை, இடித்தது. ஸ்டோரனை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தான்.

பல்கனி முழுக்க ஒரு முழப் பனி, வாரக்கணக்கில் ஒருவரும் மிதிக்காமல், வெள்ளைவெளேரென்று, விளிம்பில் சுருண்டு, மௌனமாகக் கிடந்தது. மூலையில் மட்டும் ஒரு வட்டம். அடுப்பு வைக்கும் அளவு. அங்கே பனி கரைந்து சீமெந்து காய்ந்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு செருப்புத் தடங்கள், பக்கத்தில் பக்கமாக. அங்கே வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. யாரோ அங்கேயே நிற்பதுபோல இருந்தது.

ஸ்டோரனைப் படாரென்று இறக்கினான்.

யூலியானா செத்த அன்று அவன் நித்திரை கொள்ளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அது தெரியாதா? அதற்கு முதல்நாள் ஆக்கர்மான் கிழவி ஏறி வந்து கத்திவிட்டுப் போயிருந்தாள். அவன் யூலியானாவிடம் இனிக் கருவாடே வேண்டாம் என்றான். “கருவாடு பொரிக்கவும் இவையிட்டக் கேக்கோணுமோ? நீங்கள் ஆம்பிளைதானே, போய்க் கதையுங்கோவன்” என்று சொல்லிவிட்டு அவள் தாச்சியோடு வெளியே போனாள். அந்தச் சொல் அவனுக்குச் சுட்டது. “மணம் உள்ளுக்க வரும்” என்று சொல்லிக் கைப்பிடியைத் திருப்பினான். கொஞ்ச நேரம் நிற்கட்டும், வாய் அடங்கட்டும் என்று நினைத்தான். அவளுடைய முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஸ்டோரனையும் இறக்கினான். அவள் கலியாண மோதிரத்தால் தகட்டில் தட்டினாள். டிக், டிக் என்று கேட்டது. டிவியின் சத்தத்தைக் கூட்டினான். ஒரு போத்தல் பியர் உடைத்தான், இன்னொன்று உடைத்தான். தட்டுவது நின்றபோது, இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்தான்.

லேயா முழுவதையும் மேசைக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொலிசு வருவதற்கு முன் அவன் ஸ்டோரனை ஏற்றிவிட்டு, பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் நின்றான். “கேட்டால், நான்தான் பூட்டினது எண்டு சொல்லு. சின்னப் பிள்ளையளை ஒண்டும் செய்யமாட்டினம். இல்லாட்டி அப்பாவைக் கொண்டுபோயிடுவினம். விளங்குதோ?” அவள் தலையாட்டினாள். கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னாள். ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. நொஷாட்டலிலிருந்து அவனுடைய மூத்தவர் றெக்சன். வெளியே மறுபடியும் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள் நேரத்துக்கு முன்பே இருண்டுவிட்டது.

“பேர்சி, நாளைக்கு ஆண்டுப் பூசைக்கு நாங்கள் காலமையே வந்திடுவம். அதுக்கு முதல் ஒண்டு கேக்கோணும். லேயா நத்தார் பண்டிகைக்கு இஞ்ச நிக்கேக்க அண்ணியிட்டக் கேட்டவளாம், அம்மாவைக் கொண்ட பிள்ளை நரகத்துக்கோ போகும் எண்டு.”

பேர்சி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“அண்ணி இப்பதான் எனக்குச் சொன்னவ. இரவிரவா அழுகிறா. நீ அண்டைக்கு நித்திரை எண்டுதானே சொன்னனீ. பிள்ளைதான் பூட்டினது எண்டு உனக்கு வடிவாத் தெரியுமோ? கதவு தானாப் பூட்டுப்பட்டிருக்கவும் கூடும்தானே. அப்பிடி ஒரு சொல்லுச் சொன்னாலும் காணும், அந்தப் பிள்ளை பிழைச்சிடும்.”

ஒரு சொல். அண்ணன் உண்மையைக் கூடக் கேட்கவில்லை, பிள்ளைக்கு ஒரு வழியைத்தான் கேட்டார். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் இன்னொரு கேள்வி வரும். அதற்குப் பின்னால் பொலிசு வரும். பிறகு லேயா நொஷாட்டலில் வளர்வாள். பேர்சி கண்ணை மூடிக்கொண்டான்.

“வேற ஆர் அண்ணை? அவள்தான் பூட்டினவள். சின்னப் பிள்ளை, மறந்திடுவாள்.”

டிக்.

குசினியிலிருந்து வந்தது. தகட்டில் மோதிரம்.

டிக். டிக்.

“பேர்சி? நிக்கிறியோ?” என்றார் றெக்சன். அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

குசினி விளக்கு எரியவில்லை. ஆனாலும் வெளிச்சம் இருந்தது. பனி வெளிச்சம். ஸ்டோரன் மெல்ல மெல்ல, தகடு தகடாக, ஏறிக்கொண்டிருந்தது. நாடாவை யாரும் பிடித்திருக்கவில்லை. கருவாட்டு மணம் முகத்தில் அடித்தது.

“பிள்ளை,” என்று கூப்பிட்டான். “லேயா.”

அறைக்குள் சத்தமில்லை. படம் கீறிய தாள் மட்டும் கட்டிலில் கிடந்தது. அவன் திரும்பிப் பார்த்தான்.

கண்ணாடிக்கு வெளியே, பல்கனி மூலையில், சிவப்புப் பனி உடுப்பும் மஞ்சள் தொப்பியும் போட்டுக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி, அவள் குந்தியிருந்தாள். தோளில் பனி ஏறியிருந்தது. அசையவில்லை.

அவனுக்குப் பயம் மறந்துபோனது. ஒரு வருடம் தொடாத கைப்பிடியைத் திருப்பினான். சாரத்தோடும் பெனியனோடும் வெறுங்காலோடும் பனிக்குள் பாய்ந்தான். “அம்மாச்சி, ஏனடா வெளியில வந்தனீ?” என்று சொல்லிக்கொண்டே தோளைப் பிடித்துத் திருப்பினான்.

தோள் உதிர்ந்தது.

உடுப்புக்குள் பனி. தொப்பிக்குள் பனி. இறுக்கி அடைத்த பனி.

பின்னால் கதவு சாத்துப்பட்டது.

லேயா உள்ளே நின்றாள். பள்ளிக்கூடச் சட்டையோடு. உலர்ந்த தலைமயிரோடு. அவளுடைய சின்னக் கை கைப்பிடியில் இருந்தது. அதன்மேல் இன்னொரு கை இருந்தது. நீலம் பாரித்த கை. விரலில் மோதிரம். கைக்கு மேலே இருட்டு.

இரண்டு கைகளும் சேர்ந்து திருப்பின.

“பிள்ளை, திற. அப்பாவெல்லோ. திற.”

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. படித்த பாடத்தை ஒப்புவிக்கிறவள் போலத்தான் பார்த்தாள். கண்ணாடியில் வாய் வைத்துச் சொன்னாள்.

“மணம் உள்ளுக்க வரும் அப்பா.”

அவன் கண்ணாடியில் அடித்தான். கதறினான். கம்பியில் வயிற்றை அழுத்திக் குனிந்து, கீழே நீக்கலாகத் திறந்திருந்த யன்னலைப் பார்த்து, “ஃப்ராவ் ஆக்கர்மான்! ஃப்ராவ் ஆக்கர்மான்!” என்று கத்தினான். பனி அந்தச் சத்தத்தைத் தின்றது. அவனுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத சீமெந்து வட்டத்தில், எண்ணெய் சீறத் தொடங்கியது. புகை எழும்பியது. மணம் கீழே இறங்கியது.

கீழே யன்னல் சாத்துப்பட்டது.

திரும்பிப் பார்த்தான். லேயா நாடாவைப் பிடித்திருந்தாள்.

“லேயா, அண்டைக்கு நீ பூட்டேல்லை! நான்தான்! நான்தான் பூட்டினது!”

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வந்தது. கேட்பதற்கு அங்கே இருந்தவர்கள் இருவரே.

“இண்டைக்கு நான்தான் அப்பா,” என்றாள் லேயா.

ஸ்டோரன் இறங்கியது. அவளுடைய முகம் மறைந்தது. சட்டை மறைந்தது. அவன் பனிக்குள் முழங்காலில் விழுந்து, பனியைக் கையால் தள்ளிவிட்டு, குனிந்து, கன்னத்தைச் சீமெந்தில் வைத்துப் பார்த்தான். கலியாண மோதிரத்தால் கண்ணாடிக்கு முன்னால் இறங்கிவந்த தகட்டில் தட்டினான். டிக். டிக். உள்ளே டிவியின் சத்தம் கூடியது.

தரைக்கும் கடைசித் தகட்டுக்கும் இடையில் ஒரு கோடு வெளிச்சம் மிஞ்சியிருந்தது. அதில் லேயாவின் சின்னக் காலுறைகள் தெரிந்தன. அவற்றை ஒட்டி, றப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். விரல்கள் கறுத்திருந்தன. வெதுவெதுப்பான வீட்டுக்குள்ளும் அவற்றின்மேல் இருந்த பனி கரையவில்லை.

சின்னக் கால்கள் அந்தக் கால்களோடு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. தகடு தரையைத் தொட்டது.